உப்பளத்துச் சிவப்பு: அழுக்கா? ஆற்றலா?

(மூன்றாம் ஆண்டு மாணவி, வேதிப் பொறியியல் பட்டயப் பிரிவு)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்ததைப் பார்த்ததும், எல்லோரையும் போல எனக்கும் பெரிய பெரிய தலைப்புகள்தான் மனசில் ஓடின. "நாளைய இந்தியா", "பெண்ணும் பொறியியலும்" என்று இரண்டு மூன்று எழுதிப் பார்த்துக் கிழித்தும் போட்டேன். கடைசியில் எனக்கு உண்மையாகத் தெரிந்த ஒன்றைப் பற்றி எழுதுவோம் என்று தோன்றியது. அது ஒரு பாட்டில் தண்ணீரைப் பற்றியது.

எங்கள் வீடு சாகுபுரத்துக்குப் பக்கம். திருச்செந்தூர் பஸ்ஸில் போகிறவர்கள் ஆறுமுகநேரி தாண்டியதும் ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கம் ஆலைப் புகைபோக்கி, இன்னொரு பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை வெளேரென்று உப்பளம். அந்தப் பாத்திகளில்தான் என் அம்மா இருபது வருஷமாக உப்பு வாருகிறார். அப்பா லாரியில் உப்பு மூடை ஏற்றுகிறார். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான்.

இரண்டாம் ஆண்டில் ஒருநாள் உப்புநீரில் குளோரைடு அளவு காணும் சோதனை. எல்லோரும் ஆய்வகத்தில் கொடுத்த மாதிரியை எடுத்தார்கள். நான் பெருமையாக அம்மாவின் பாத்தியிலிருந்து ஒரு பாட்டில் நிறையக் கொண்டுபோயிருந்தேன். ரோஜாப்பூ கரைத்தது மாதிரி சிவப்பாக இருந்தது. "சார், இது ஏன் சிவப்பா இருக்கு?" என்று கேட்டேன். "அது அழுக்கு. வடிகட்டிட்டு டைட்ரேஷன் பண்ணும்மா" என்று பதில் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். வடிகட்டினேன். சிவப்பு வடிதாளில் தங்கவில்லை, தண்ணீரோடு சேர்ந்து கீழே இறங்கிவிட்டது. மண்ணும் தூசியும் தாளில் நின்றன, சிவப்பு மட்டும் நிற்கவில்லை. அப்படியானால் அது என்ன அழுக்கு?

சாயங்காலம் வீட்டில் அம்மாவிடம் கேட்டேன். "அழுக்குன்னு எவன் சொன்னான்? ஏட்டி, தண்ணி செவந்தாத்தான் உப்பு நல்லா விழும். செவக்காத பாத்தி காயிறதுக்கே நாளாவும்" என்றார். மூலையில் உட்கார்ந்திருந்த ஆச்சி மட்டும், "அளத்துல உழைச்சுச் செத்த பொம்பளையளோட ரத்தம்ட்டி அது" என்றார்.

அழுக்கு என்கிறது பாடம். விளைச்சல் என்கிறது அனுபவம். ரத்தம் என்கிறது வயசு. இந்த மூன்றில் எது சரி என்று தேடப் போனதில் நான் படித்தவற்றையும், அதனால் எனக்கு ஏற்பட்ட கருத்தையும்தான் இங்கே எழுதுகிறேன்.

சிவப்புக்குள் இருப்பவர்கள்

கடல்நீரை அளவுகோலில் பார்த்தால் 3 டிகிரி, 3.5 டிகிரி காட்டும். தெப்பத்தில் தேங்கி, வெயிலில் காய்ந்து, பாத்திக்கு வரும்போது 24, 25 டிகிரி ஆகிவிடும். அங்கேதான் உப்பு படியத் தொடங்குகிறது. அந்த நீரில் மீன் வாழாது, பாசி வாழாது. சாதாரணக் கிருமி எதுவும் தன் உடம்பு நீரை இழந்து சுருங்கிச் செத்துவிடும். ஆனால் அங்கேயும் இருவகை உயிர்கள் சுகமாக வாழ்கின்றன.

ஒன்று டுனாலியெல்லா என்ற ஒற்றைச் செல் பாசி. பிறப்பில் பச்சை. உப்பும் வெயிலும் ஏற ஏற, தன்னைக் காத்துக்கொள்ள உடம்பு முழுவதும் பீட்டா கரோட்டினைச் சேர்த்துக்கொண்டு ஆரஞ்சு நிறமாகிவிடும். கேரட்டுக்கு நிறம் கொடுக்கும் அதே பொருள். இரண்டாவது, உப்பையே விரும்பி வாழும் ஆர்க்கியா என்னும் நுண்ணுயிர்கள். பார்க்க பாக்டீரியா போல இருக்கும், ஆனால் தனி இனம். இவற்றின் செந்நிறப் பொருள்தான் பாத்தி நீருக்குப் பெரும்பாலான சிவப்பைக் கொடுக்கிறது. சிவந்த நீர் வெயிலை அதிகமாக உறிஞ்சும், சீக்கிரம் சூடாகி ஆவியாகும். அம்மா சொன்னது அறிவியல்தான், நண்பர்களே!

இந்த ஆர்க்கியாக்களில் ஹாலோபாக்டீரியம் என்று ஒன்று உண்டு. அடர்ந்த உப்புநீரில் ஆக்சிஜன் சரியாகக் கரையாது. மூச்சு முட்டும் அந்த நேரத்தில் அது தன் தோலில் ஊதா நிறத் திட்டுகளை உண்டாக்கிக்கொள்கிறது. அந்தத் திட்டில் இருப்பது ஒரே ஒரு புரதம். அதன் பெயர் பாக்டீரியோரோடாப்சின். வால்டர் ஸ்டோக்கீனியஸ், டீட்டர் ஓஸ்டர்ஹெல்ட் என்ற இரு விஞ்ஞானிகள் அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோவில் 1971ல் இதைக் கண்டுபிடித்து உலகுக்குச் சொன்னார்கள்.

இந்தப் புரதத்தின் நடுவில் ரெட்டினால் என்ற ஒரு சின்ன மூலக்கூறு இருக்கிறது. அது வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்தது. நம் கண்ணுக்குள் இருந்துகொண்டு நமக்குப் பார்வை கொடுப்பதும் இதே ரெட்டினால்தான்! உப்பின் வெண்மையில் கண் கூசிக் கூசி அம்மாவுக்கு நாற்பது வயதிலேயே பார்வை மங்கிவிட்டது. அவர் காலடியில் கிடக்கும் தண்ணீரிலோ, கண்ணுக்குள் இருக்கிற அதே பொருள் கோடிக்கணக்கில் மிதந்துகொண்டிருக்கிறது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

வெயிலில் ஓடும் பம்ப்

அந்தப் புரதம் என்ன வேலை செய்கிறது? ஒரு ஒளித்துகள், அதாவது ஒரு போட்டான், வந்து விழுந்ததும் ரெட்டினால் திருகிக்கொள்கிறது. அந்தத் திருகலில் ஒரு புரோட்டான் செல்லுக்குள்ளிருந்து வெளியே தள்ளப்படுகிறது. சுமார் நூறில் ஒரு நொடியில் ரெட்டினால் பழைய நிலைக்கு வந்து அடுத்த போட்டானுக்குத் தயாராகிறது. இப்படித் தள்ளித் தள்ளி வெளியே புரோட்டான் சேர்ந்துவிடும். மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் ஏற்றிவைத்த மாதிரி. அது திரும்ப உள்ளே இறங்கும்போது அதன் விசையில் ஒரு சக்கரம் சுழன்று, உயிர்களின் எரிபொருளான ஏ.டி.பி. தயாராகிறது. இலை செய்யும் வேலையில் பாதியை, பச்சையமே இல்லாமல் இது செய்து முடிக்கிறது.

1974ல் ஸ்டோக்கீனியசும் எஃப்ரைம் ராக்கர் என்பவரும் ஒரு வேடிக்கையான சோதனை செய்தார்கள். உப்புநீர் உயிரியின் ஊதாப் புரதத்தையும், மாட்டு இதயத்திலிருந்து எடுத்த ஏ.டி.பி. தயாரிக்கும் நொதியையும் ஒரு கொழுப்புக் குமிழியில் சேர்த்து வெளிச்சத்தில் வைத்தார்கள். ஏ.டி.பி. வந்தது! உப்பளமும் மாடும் சேர்ந்து, உயிரே இல்லாத ஒரு குமிழியில் சூரிய ஒளியை எரிபொருளாக்கிவிட்டன. செயற்கை ஒளிச்சேர்க்கை என்ற பாதையில் அது ஒரு முக்கியமான படி.

இதே புரதத்தின் வடிவத்தை எலக்ட்ரான் நுண்ணோக்கியால் 1975ல் முதலில் கோட்டுருவமாகவும், 1990ல் அணு அளவிலும் வரைந்து காட்டியவர் கேம்பிரிட்ஜின் ரிச்சர்ட் ஹென்டர்சன். 2017ல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். "அழுக்கு" என்று நாம் வடிகட்டப் பார்த்த பொருள் ஒருவரை ஸ்டாக்ஹோம் வரை கூட்டிப்போயிருக்கிறது!

பிடிப்பது பாதி, கைமாற்றுவது மீதி

ஒளியைப் பிடித்துவிட்டால் போதும் என்று நினைப்போம். அதுதான் இல்லை. பிடித்த ஆற்றலை வேலை நடக்கும் இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் அது வெறும் சூடாகப் போய்விடும்.

1932ல் எமர்சன், ஆர்னால்டு என்ற இருவர் குளோரெல்லா பாசியின் மேல் மின்னல் போல வெளிச்சம் பாய்ச்சி அளந்தார்கள். ஒரு மூலக்கூறு ஆக்சிஜன் வர, சுமார் 2,500 பச்சைய மூலக்கூறுகள் தேவைப்பட்டன. அத்தனையும் நேரடியாக வேதிவினை செய்வதில்லை. பெரும்பாலானவை ஒளியைப் பிடித்துப் பக்கத்தில் இருப்பதிடம் கொடுக்கும் வேலையை மட்டும் செய்கின்றன. டிவி ஆன்டெனா அலையைப் பிடித்துப் பெட்டிக்கு அனுப்புவது போல. அதனால் இவற்றுக்கும் ஆன்டெனா என்றே பெயர்.

வீடு கட்டும்போது வரிசையாக நின்று செங்கல்லைக் கைமாற்றிப் போடுவார்களே, நினைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் கல் போய்ச் சேரும். இரண்டடி தள்ளி நின்றால் கீழே விழும். ஆற்றலும் அப்படித்தான். ஜெர்மனியின் தியோடர் ஃபோர்ஸ்டர் 1940களில் இதற்குக் கணக்கு எழுதினார். தூரம் இரண்டு மடங்கானால் கைமாறும் வேகம் பாதியாகக் குறையாது, 64ல் ஒரு பங்காகக் குறையும்! ஆகவே புரதத்தின் பெரிய வேலை, நிறமிகளைச் சரியான தூரத்தில், சரியான கோணத்தில் பிடித்து நிறுத்துவதே.

நம் ஊதாப் புரதத்துக்கு ஒரு குறை உண்டு. அது பச்சை, மஞ்சள் ஒளியை நன்றாகப் பிடிக்கும், நீல ஒளியைப் பெரும்பாலும் விட்டுவிடும். ஆனால் ஸ்பெயின் நாட்டு உப்பளங்களில் கிடைத்த சாலினிபாக்டர் என்ற செந்நிற பாக்டீரியா இந்தக் குறையைத் தீர்த்துவைத்திருக்கிறது. அதன் பம்ப் புரதத்தின் மேல் ஒரு கரோட்டின் வகை நிறமி ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த நிறமி நீல ஒளியைப் பிடித்து, அதில் சுமார் 40 சதவீதத்தை உள்ளே இருக்கும் ரெட்டினாலுக்குக் கொடுக்கிறது. ஒரு நொடியைப் பத்து லட்சம் கோடியாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்கை ஒட்டிய நேரத்தில் இது நடந்து முடிகிறது. 2005ல் இது வெளியானபோது விஞ்ஞானிகளே வியந்தார்கள். இத்தனை எளிய ஆன்டெனாவை அதுவரை யாரும் பார்த்ததில்லை. ஒரே நிறமி, ஒரே பம்ப்!

இயற்கை செய்ததை மனிதனும் செய்து பார்த்தான். 2010ல் ஐரோப்பிய ஆய்வாளர்கள், குவாண்டம் புள்ளிகள் எனப்படும் மிகச் சிறிய குறைக்கடத்தித் துகள்களை ஊதாத் திட்டின் மேல் ஒட்டினார்கள். துகள் பிடித்த ஒளி புரதத்துக்குக் கைமாறியது, பம்ப் இன்னும் நன்றாக ஓடியது. பாதி உயிர்ப்பொருள், பாதி கனிமம். இப்படிப்பட்ட கலப்பு அமைப்புகளைத்தான் இன்று பல நாடுகளில் ஆராய்கிறார்கள்.

சாகுபுரத்தில் இல்லாதது என்ன?

இனி நம் ஊருக்கு வருவோம். சாகுபுரம் ஆலை 1950களின் இறுதியில் வந்தது. உப்புநீரில் மின்சாரம் பாய்ச்சிக் காஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுக்கிறார்கள். கூடவே ஹைட்ரஜனும் வருகிறது. நம் பாடக் கணக்குப்படி 40 கிலோ காஸ்டிக்குக்கு 1 கிலோ ஹைட்ரஜன், ஆக ஒரு டன்னுக்கு 25 கிலோ. ஆனால் அந்த ஒரு டன்னுக்கு 2,000 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும். நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரி எரித்து வருவதே.

அதே ஆலையில் இல்மனைட் மணலைச் சுத்தப்படுத்தி, டைட்டானியம் டை ஆக்சைடு நிறைந்த செயற்கை ரூட்டைலும் செய்கிறார்கள். டைட்டானியம் டை ஆக்சைடு என்றால் வெள்ளைப் பெயின்ட் என்றுதான் நாம் படிக்கிறோம். ஆனால் 1972ல் ஜப்பானின் ஃபுஜிஷிமா, ஹோண்டா இருவரும் அந்தப் பொருளால் ஆன மின்முனையில் ஒளி விழச் செய்து தண்ணீரையே பிரித்துக் காட்டினார்கள். ஒரே சிக்கல், அது புற ஊதா ஒளியை மட்டும் ஏற்கும். வெயிலில் அது நூற்றுக்கு நான்கைந்து பங்குதான். மிச்ச வெயில் வீண்.

அப்படியானால் வெள்ளைப் பொடிக்கு நிறம் தெரிந்த ஒரு துணை வேண்டாமா? 2013ல் அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகத்தில், எலினா ரோஷ்கோவா குழுவினர் டைட்டானியம் டை ஆக்சைடு நுண்துகளையும், பிளாட்டினத்தையும், நம் உப்பளத்து ஊதாப் புரதத்தையும் ஒன்றாகச் சேர்த்து வெளிச்சத்தில் ஹைட்ரஜன் எடுத்தார்கள். அந்தக் கட்டுரையின் முதல் பெயர் பாலசுப்பிரமணியன் என்பதைப் பார்த்ததும் எனக்கு ஒரு சந்தோஷம்.

உப்புநீர், ஊதாப் புரதம் செய்யும் உயிர் வாழ ஏற்ற பாத்தி, டைட்டானியம். அவர்கள் தேடித் தேடிச் சேர்த்ததெல்லாம் நமக்கு ஒரே பஸ் ஸ்டாப்பில் கிடைக்கிறது. ஆனால் மூன்றாண்டுப் பாடத்திட்டத்தில் இந்தச் சங்கதியில் ஒரு வரியைக்கூட நான் வகுப்பில் கேட்டதில்லை.

"சோலார் பேனல் இருக்கே, எதுக்கு இது?"

என் வகுப்புத் தோழன் ஒருவன் இப்படிக் கேட்டான். நியாயமான கேள்வி, மழுப்ப மாட்டேன். கணக்குப் போட்டே சொல்கிறேன்.

ஆர்கான் சோதனையில் ஒரு மைக்ரோமோல் புரதத்துக்கு, வெள்ளொளியில் மணிக்கு 5 மில்லிமோலுக்குச் சற்று அதிகமாக ஹைட்ரஜன் வந்தது. ஒரு மைக்ரோமோல் என்பது சுமார் 27 மில்லிகிராம் புரதம். 5 மில்லிமோல் என்பது 110, 120 மில்லிலிட்டர் வாயு, அதாவது ஒரு சின்ன டம்ளர். பச்சை ஒளியை மட்டும் கொடுத்தபோது வந்தது ஒரு டீஸ்பூன் அளவுதான். அதுவும் தண்ணீர் மட்டும் போதவில்லை, எலக்ட்ரான் கொடுக்க மெத்தனால் சேர்க்க வேண்டியிருந்தது. பிளாட்டினத்தின் விலையோ கேட்கவே வேண்டாம். இன்றைய தேதிக்குச் சூரியத் தகட்டையும் மின்பகுப்புக் கலனையும் இணைத்தால் இதைவிட எத்தனையோ மடங்கு கிடைக்கும். இதை மறைத்துவிட்டு "உப்பளத் தண்ணீரில் கார் ஓடும்" என்று எழுதினால் அது கட்டுரை ஆகாது, விளம்பரம்.

ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. சூரியத் தகட்டின் சிலிக்கானை 1,400 டிகிரிக்கு மேல் உருக்க வேண்டும். இந்தப் புரதமோ வெயிலிலும் உப்பிலும் தானே வளர்கிறது. 80 டிகிரி சூட்டையும் தாங்கும். பிரித்தெடுக்கவும் பெரிய வித்தை வேண்டாம். நல்ல தண்ணீரில் போட்டால் உப்புக்குப் பழகிய செல் தானே வெடித்து ஊதாத் திட்டைக் கொடுத்துவிடும். பிறகு வேகமாகச் சுழற்றிப் பிரிக்க ஒரு எந்திரம் போதும்.

1912ல் இத்தாலிய வேதியியலர் சியாமிச்சியன் நியூயார்க்கில் பேசும்போது, புகை இல்லாத தொழிற்சாலைகளும் கண்ணாடிக் குழாய்க் காடுகளும் வறண்ட நிலங்களில் எழும் என்று கனவு கண்டார். அன்று அதைக் கேட்டவர்களில் எத்தனை பேர் நம்பியிருப்பார்கள்? வறண்ட நிலம் என்றால் நம் தேரிக்காட்டைவிடவா, உப்பளத்தைவிடவா?

என் கருத்து இதுதான்: இந்தப் புரதம் நாளைக்கே நம்மைப் பணக்காரர் ஆக்காது. ஆனால் அது என்னவென்று நமக்குத் தெரியாமல் இருப்பது நம்மைக் கூலிகளாகவே வைத்திருக்கும்.

முத்து போன வழி

இந்தக் கடற்கரையின் கதை உங்களுக்குத் தெரியும். கொற்கைக் காலத்திலிருந்து முத்து இங்கேதான் எடுத்தார்கள். மூச்சடக்கி மூழ்கியவன் நம் ஆள், மாலை போட்டவன் வேறு ஆள். 1961க்குப் பிறகு தூத்துக்குடியில் பெரிய முத்துக்குளிப்பே நடக்கவில்லை. ஆனால் 1973ல் தூத்துக்குடியை அடுத்த வேப்பலோடையில், மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் டாக்டர் கே. அழகர்சுவாமியும் அவர் குழுவினரும் சிப்பிக்குள் உருண்டை முத்தை வளர்த்துக் காட்டினார்கள். ஜப்பானியர் மட்டுமே செய்வார்கள் என்று நினைத்திருந்த வேலை அது. ஒரு சின்ன ஆய்வகம், நம் கடல், நம் சிப்பி. அது நடந்ததென்றால் இது ஏன் நடக்காது?

இப்போது பசுமை ஹைட்ரஜன் என்ற பெயர் எங்கு பார்த்தாலும் அடிபடுகிறது. மத்திய அரசு 2023 ஜனவரியில் இதற்கென ஒரு தேசிய இயக்கத்துக்கு 19,744 கோடி ரூபாய் ஒதுக்க ஒப்புதல் கொடுத்தது. 2025 செப்டம்பரில் தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்திலேயே ஒரு பசுமை ஹைட்ரஜன் முன்னோட்ட ஆலை திறக்கப்பட்டது. சந்தோஷம்தான். ஆனால் எங்கள் தெருவில் படித்து முடித்த ஓர் அண்ணன் சூரிய மின்சாரக் கம்பெனி ஒன்றுக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனார். டிப்ளமோ சான்றிதழைப் பார்த்துவிட்டு அவருக்குக் கொடுத்தது தகடு கழுவும் வேலை, அதுவும் ஒப்பந்தத்தில். அம்மா வாருகிறது உப்பு, மகன் துடைக்கிறது தகடு. அளம் மாறியது, ஆள் மாறவில்லையே!

செயற்கை ஒளிச்சேர்க்கை இன்னும் சோதனைக்குழாயில்தான் இருக்கிறது. அதனாலேயே சொல்கிறேன், இப்போதே உள்ளே போய்விட வேண்டும். ஒரு தொழில் ஆலையாகி, சுவர் எழுப்பி, கேட் போட்ட பிறகு வெளியே வரிசையில் நிற்பதால் பயனில்லை.

நாம் என்ன செய்யலாம்?

"அரசு செய்ய வேண்டும்" என்று முடித்துவிட எனக்கு விருப்பமில்லை. நம்மால் ஆவதை முதலில் சொல்கிறேன்.

முதலாவது, இறுதியாண்டு புராஜெக்ட். கடையில் காசு கொடுத்து வாங்கும் மாதிரிகளை விட்டுவிட்டு, ஒரே ஒரு பாத்தியை எடுத்துக்கொள்வோம். தை, மாசியில் தொடங்கி மழை வரும்வரை வாரம் ஒருமுறை டிகிரி, வெப்பம், கரைந்த ஆக்சிஜன், நிறம் நான்கையும் குறித்து வைப்போம். செலவு பஸ் டிக்கெட்தான். மூன்று வருஷம் மூன்று குழுக்கள் செய்தால், எந்த நீரில் எப்போது சிவப்பு ஏறுகிறது என்று நம் கையில் ஒரு பதிவேடு இருக்கும்.

இரண்டாவது, காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953லிருந்து இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் நிலமும் பொருளும் கொடுத்து வந்த நிலையம். உப்புக்கென்றே பவநகரில் ஒரு மத்திய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஆண்டுக்கு நான்கு மாணவர்களையாவது அங்கே பயிற்சிக்கு அனுப்ப நம் பேரவை கோரிக்கை வைக்க வேண்டும். சுற்றுலாவுக்கு ஊட்டி போகிற பணத்தில் பாதி போதும்.

மூன்றாவது, பாடத்திட்டம். வேதிப் பொறியியல் பட்டயத்தில் ஒளிவேதியியலுக்கும் உயிர்வேதியியலுக்கும் ஒரு சின்ன விருப்பப் பாடம் வேண்டும். தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்துக்கு நாமே கையெழுத்திட்டு ஒரு மனு அனுப்பலாம்.

நான்காவது, எனக்கு முக்கியமானது. உப்பளத் தொழிலாளர்களுக்குத் தெரிந்ததை எழுதி வைக்க வேண்டும். நீரின் நிறத்தைப் பார்த்தே டிகிரி சொல்லும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் யாரும் எந்தக் கட்டுரையிலும் இல்லை. அவர்களுக்குக் காலுக்கு பூட்சும் கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடியும் கொடுக்காமல், அந்தப் பாத்திக்குள் இருக்கும் நுண்ணுயிரை மட்டும் ஆராய்வது என்ன அறிவியல்?

போன வருஷம் கல்லூரிக் கண்காட்சி அன்று அம்மாவைக் கூட்டிவந்தேன். சேலை மாற்றிக்கொண்டு, செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டுத்தான் ஆய்வகத்துக்குள் வந்தார். நுண்ணோக்கியில் பாத்தித் தண்ணீர் ஒரு சொட்டு வைத்துக் காட்டினேன். ஆரஞ்சு நிற டுனாலியெல்லாக்கள் குடுகுடுவென்று நீந்திக்கொண்டிருந்தன. மங்கிய கண்ணை இடுக்கி இடுக்கி ரொம்ப நேரம் பார்த்தார். "ஏட்டி, இது எல்லாமா உசிரு?" என்றார். "ஆமாம்மா" என்றேன். "இவ்வளவு நாளா இதுக்குள்ளயா நின்னுகிட்டுக் கெடந்தேன்? ஒருத்தரும் சொல்லலியே!"

அந்த "ஒருத்தரும் சொல்லலியே" என்ற வார்த்தைக்குத்தான் இந்தக் கட்டுரை.

ஒளி எல்லார் மேலும் ஒன்றுபோலத்தான் விழுகிறது. பிடித்தவன் பக்கத்தில் இருப்பவனிடம் உடனே கொடுத்தால் அது வேலையாகிறது, கொடுக்காவிட்டால் சூடாகி வீணாகிறது. புரதத்துக்கு மட்டுமா இந்த விதி? நமக்கும்தான். முதல் தலைமுறையாகப் படிக்க வந்திருக்கிற நம் கைக்கு வந்த கல்லைக் கீழே போடாமல் அடுத்த கைக்குக் கொடுப்போம், நண்பர்களே!

அடுத்த முறை சாகுபுரம் வழியாகப் பஸ்ஸில் போகும்போது ஜன்னலைத் திறந்து பாருங்கள். பாத்தி சிவந்திருந்தால், அது அழுக்கு இல்லை என்று பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் சொல்லுங்கள்.